இருபத்து நான்காம் மாதம்

புந்தா அரேனாஸில் காற்று வெறிபிடிக்கும் நாட்களில்
நகராட்சி ஆட்கள் தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
அப்படியொரு நாளில்தான் பட்டியலோடு உட்கார்ந்தேன்.
ஜன்னலுக்கு வெளியே எவராவது
இடக்கையால் மட்டும் கயிற்றைப் பற்றினால்
வலத்தோளுக்கு என்ன ஆயிற்று என்று
யோசிக்கிற வியாதி எனக்கு.

மூன்று துளை. சட்டைப் பொத்தான் நுழையும் அளவு.
ஒன்றில் கேமரா, மற்றவற்றில் கருவிகள்.
உப்புநீர் விட்டு மூட்டை உப்பவைத்து
பிய்ந்த தசைநாணை எலும்போடு இழுத்துத் தைக்க
நங்கூரம் இறக்குவார் டாக்டர் ஓயார்சுன்.
நங்கூரம் என்றுதான் அதற்குப் பெயர்.
துறைமுகத்து ஜனங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அவருக்கு ஒரு மணி நேரம்.
எனக்கு இரண்டு வருஷம்.
கோட்டுக்குள் கை நுழைகிறதா?
அந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்க முடிகிறதா?
தலை வாரிக்கொள்கிறீர்களா?
மேல்தட்டை எட்டுகிறீர்களா?
எல்லாம் கூட்டினால் நூறு.

நிபால்தோ கார்காமோ, ஆட்டு ரோமம் கத்தரிப்பவர்.
"நாளைக்கு நூற்றெண்பது ஆடு பார்த்த கை.
இப்போது தரம் பிரிக்கிற மேசையில் நிற்கிறேன்,
பொடியன்களோடு."
வழக்கமான வேலையைச் செய்ய முடிகிறதா?
"எது வழக்கமென்று பண்ணைக்காரனைக் கேளுங்கள்."
நாற்பத்தெட்டு.
திருப்தியா என்றேன், பதில் தெரிந்தாற்போல.
"ரொம்ப. மூன்று வருஷம்
நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினவன் நான், செனியோரா.
இப்போது கட்டிலில் குறட்டை விடுகிறேன்.
என் மனைவியின் திருப்தியைத் தனியாகக் கேளுங்கள்."

எதெல்வீனா பாரீயா, நண்டு ஆலை, தொண்ணூற்று நான்கு.
முதுகுப் பக்கம் கொக்கி மாட்ட முடிகிறதா?
"முடிகிறது. முன்பெல்லாம் ரெனே மாட்டிவிடுவான்.
பனிக்கட்டி விரல்கள். தினமும் திட்டுவேன்."
கொஞ்ச நேரம் ஆலையின் இரைச்சல் மட்டும்.
"கை குணமான மாதத்திலேயே போர்வெனீருக்குக் கப்பல் ஏறிவிட்டான்.
வலி இருந்தவரைக்கும் இருந்தான், பாவம்,
அதற்கு மேல் என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.
இதை எங்கே எழுதுவீர்கள்?"
எங்கும் இல்லை என்றேன்.
"அப்படியானால் நன்றாக மாட்டுகிறேன் என்றே போடுங்கள்."

ஸ்டாங்கோ மிலிசெவிச்சின் ஸ்கேன் மேசையில் கிடக்கிறது.
தைத்தது மறுபடி கிழிந்துவிட்டது,
கறுப்பு வெள்ளையில் சந்தேகமே இல்லை.
ஆய்வில் அவர் தோல்வி.
போனில் காற்றும் அவரும் சேர்ந்து கத்துகிறார்கள்:
"கேட்கவில்லை! கம்பத்தில் இருக்கிறேன்!
கயிறு கட்டிக்கொண்டிருக்கிறேன்!"
கையைத் தலைக்கு மேல் தூக்க முடிகிறதா?
"வேறு எப்படிக் கட்டுவது?
கிழிந்துவிட்டதென்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார்,
கையிடம் யாரும் சொல்லவில்லை!"
எண்பத்தொன்பது. வலி, சில நாள்.
இரண்டு கட்டத்திலும் டிக் போட்டேன்,
ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளட்டும்.

எரிபெர்தோ நவார்ரோவின் எண்ணில் ஒரு பெண் குரல்.
அப்பா ஜூனில் போய்விட்டார். நுரையீரல்.
மன்னிப்புக் கேட்டு வைக்கப்போனேன்.
"கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்" என்றாள்,
"உங்கள் அழைப்புக்காக நாட்காட்டியில் வட்டம் போட்டிருந்தார்."
கேட்டேன். வேறென்ன செய்ய.
கோட்டு? போட்டுக்கொண்டார்.
தலை? வாரிக்கொண்டார், இருந்த கொஞ்சத்தை.
மேல்தட்டு? சர்க்கரையை அங்கேதான் ஒளித்து வைத்தோம்,
எட்டி எடுத்துவிடுவார்.
பந்து எறிய முடிந்ததா?
"நாய்க்குக் கட்டை எறிவார்.
அந்த நாய் இப்போது என் காலடியில்தான்.
நான் எறிந்தால் போவதில்லை."

தொண்ணூற்றொன்று வந்தது.
இறந்தகாலத்துக்கு மதிப்பெண் செல்லாது.
தொடர்பு விடுபட்டவர்: ஒன்று.

சராசரி நன்றாக இருக்கிறதென்றார் டாக்டர்,
கோட்டைத் தேடியபடியே.
ஆறு மணிக்கு வெளியே வந்தேன்.
கதவை இழுத்துச் சாத்த இரண்டு கை வேண்டியிருந்தது.
ஸ்டாங்கோவின் முடிச்சு கச்சிதம்.
ஆனால் கட்டியிருந்த உயரம்
என் தலைக்கு ஒரு சாண் மேலே.
திட்டிக்கொண்டே கையைத் தூக்கிப் பிடித்தேன்.